இலை முதலில், புழு பிறகு: கொழும்பு பல்கனியில் குறைந்த செலவில் வண்ணத்துப்பூச்சிக்குச் செடி வளர்க்க

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டில் 11 புழுக்கள் இருந்தன, இலை ஒன்றுகூட இல்லை.

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட் மூன்றாம் மாடி. பல்கனியில் அப்போது மில்க்வீட் என்கிற, கிள்ளினால் பால் வடியும் பூச்செடி ஒன்றுதான் நின்றது, அதுவும் பூ வடிவாக இருக்கிறதே என்று வாங்கியது. ஒரு வண்ணத்துப்பூச்சி வந்து அதில் முட்டையிட்டுப் போனதை மகள்தான் கண்டுபிடித்தாள். முட்டை பொரித்தது, புழு வந்தது, வீடே சந்தோஷப்பட்டது, ஒரு கிழமைக்கு எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் இரண்டே நாளில் செடி வெறும் குச்சி. இருட்டுகிற நேரத்தில் நானும் மகளும் டோர்ச் எடுத்துக்கொண்டு மரைன் டிரைவ் பக்கம், இந்தப் புழு தின்னும் இன்னொரு செடியான எருக்கலையைத் தேடிப் போனோம். இலை கிடைத்தது. ஆனால் அதுவரை மில்க்வீட் தின்று பெருத்த புழுக்களில் நான்கு அந்த எருக்கலை இலையைத் தொடவே இல்லை, ஓரத்தில் ஏறி நின்று தலையை ஆட்டிவிட்டு இறங்கிவிட்டன. நான்கும் இரண்டு நாளில் செத்துப்போயின. மகள் அன்றைக்கு அழுத அழுகையை நான் மறக்கவில்லை.

அதனால் இந்தக் கட்டுரையில் முக்கால்வாசி செடியைப் பற்றித்தான் இருக்கும். புழுவைப் பார்த்துக்கொள்வது கஷ்டமே இல்லை, அதற்குத் தின்னத் தெரியும். போதிய இலையை முன்கூட்டியே சேர்த்து வைப்பதுதான் உங்கள் வேலை, அதைக் கையில் அதிகம் காசு இல்லாமலே செய்யலாம், மூன்று மாதப் பொறுமை இருந்தால்.

மொனார்க் இங்கே இல்லை, அதன் சொந்தக்காரர் இருக்கிறார்

இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் அமெரிக்க மொனார்க் பற்றியது. வட அமெரிக்காவில் இருந்து குளிர்காலத்துக்கு மெக்சிகோ மலைக்காடு வரை பறந்து போகும் அந்த வண்ணத்துப்பூச்சி இலங்கையில் கிடையாது. நம்மிடம் இருப்பது பிளெயின் டைகர், தமிழ்நாட்டில் வெந்தய வரியன் என்று சொல்வார்கள். இரண்டும் ஒரே பேரினம். செம்மஞ்சள் சிறகு, கறுப்பு ஓரம், முன் சிறகின் கறுத்த நுனியில் ஒரு வெள்ளைப் பட்டை, இதைக் கொழும்பில் வெயில் உள்ள எந்தக் காணியிலும் பார்த்திருப்பீர்கள். புழுவும் மொனார்க் புழு மாதிரியே கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்களோடு இருக்கும். மொனார்க் புழுவின் முதுகில் கறுப்புக் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பவை இரண்டு சோடி, நம்முடையதற்கு மூன்று சோடி. படத்தைப் பார்த்துக் குழம்பினால் கொம்பை எண்ணுங்கள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அமெரிக்கக் குறிப்புகளை அப்படியே பின்பற்றி விதையை ஈர டிஷூவில் சுற்றி ஒரு மாதம் பிரிட்ஜில் வைத்தவர்களை எனக்குத் தெரியும். அது பனி விழும் ஊரின் மில்க்வீட் வகைகளுக்குத் தேவை. நாம் வளர்க்கும் செடிகளுக்கு வேண்டவே வேண்டாம்.

எந்தச் செடி

இரண்டு போதும். ஒன்று எருக்கலை, சிங்களத்தில் வரா என்று கேட்டால் தெரியும். மற்றது சிவப்பும் மஞ்சளுமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும் மில்க்வீட், இது அமெரிக்க வெப்பப் பகுதிச் செடி, இங்கே பூச்செடியாக வந்து சேர்ந்தது.

எனக்கு எருக்கலைதான் பிடிக்கும். நம் மண்ணின் செடி, வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் பயப்படாது, ஒரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் முகம் சுளிக்காது, இலை உள்ளங்கையைவிடப் பெரிசு. குறை என்னவென்றால் ஆரம்பத்தில் மெதுவாக வளரும், வேர் ஆழமாக இறங்குவதால் பெரிய சாடி கேட்கும். மில்க்வீட் வேகமாக வளரும், சின்னச் சாடியிலும் நிற்கும், ஆனால் இலை மெல்லிசு, ஒரு புழு ஒரு செடியையே முடித்துவிடும். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு முட்டையை எந்தச் செடியில் எடுத்தீர்களோ அந்தச் செடியின் இலையையே கடைசி வரை கொடுக்கப் பாருங்கள். என் அனுபவத்தில் சின்னப் புழு என்றால் இலை மாற்றத்தை ஏற்றுக்கொள்ளும், பெரிசான பிறகு அடம்பிடிக்கும்.

எருக்கலை என்றதும் வீட்டில் பெரியவர்கள் முகம் மாறும், அதற்கும் தயாராக இருங்கள். நான் முதல் சாடியைத் தூக்கிக்கொண்டு படியேறும்போதே கீழ் வீட்டு அன்ரி மறித்துவிட்டார். "என்ன பிள்ளை, பாழ் வீட்டில முளைக்கிறதைக் கொண்டு போய் வீட்டுக்குள்ள வைக்கப் போறீங்களோ?" நான் சொன்னேன், "பிள்ளையாருக்கு மாலை கட்டுறதும் இதிலதானே அன்ரி." அவர் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சதுர்த்திக்கு முதல் நாள் பூ கேட்டு ஆள் அனுப்புகிறார்.

பால் பற்றிய எச்சரிக்கை, இதைத் தாண்டிப் போகாதீர்கள்

இரண்டு செடியிலும் கிள்ளினால் வெள்ளைப் பால் வரும். அதில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது, அந்த நஞ்சை உடம்பில் சேர்த்து வைப்பதால்தான் இந்த வண்ணத்துப்பூச்சியைப் பறவைகள் பெரும்பாலும் தின்பதில்லை. நமக்கு முக்கியமான ஆபத்து கண். எருக்கலைப் பால் கண்ணில் பட்டால் பெரிதாக வலிக்காமலேயே பார்வை மங்கும், வலி இல்லையே என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து. இலை பறிக்கும்போது கையுறை போடுங்கள், முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், அதற்கு முன் முகத்தைத் தொடாதீர்கள். மேலே உள்ள கிளையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வெட்டாதீர்கள். கண்ணில் பட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிவிட்டு நேரே கண் வைத்தியசாலைக்குப் போங்கள், காலையில் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். கைக்குழந்தை, பூனை, நாய் உள்ள வீட்டில் சாடியை எட்டாத இடத்தில் வையுங்கள்.

காசில்லாமல் செடி சேர்ப்பது

எருக்கலையை வாங்கத் தேவையே இல்லை. தெரிந்தவர் வளவிலோ, வெறும் காணி ஓரத்திலோ நிற்கும், கேட்டுவிட்டு ஒரு கிளை எடுங்கள். ரயில் பாதை ஓரத்தில் நிற்பதை மட்டும் விட்டுவிடுங்கள், ரயிலும் ஆபத்து, களைக்கு மருந்து அடித்திருக்கவும் கூடும். பெரிய செடியைத் தோண்டி எடுத்து வந்து நடலாம் என்றும் நினைக்காதீர்கள், ஆணிவேர் அறுந்துவிடும், நான் கொண்டுவந்த இரண்டும் காய்ந்துதான் போயின.

கிளை பென்சிலைவிடக் கொஞ்சம் தடிப்பாக, பச்சை போய் மரநிறம் ஏறத் தொடங்கியதாக இருக்க வேண்டும். ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, மேலே இரண்டு சின்ன இலையை மட்டும் விட்டு மற்றதை நீக்குங்கள். வெட்டிய இடத்தில் பால் வழியும். அதைக் கழுவி, ஒன்றிரண்டு நாள் நிழலில் சும்மா போட்டு வெட்டுவாய் காய விடுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் ஈரத்தோடு நட்டால் அடி அழுகிவிடும். பிறகு பாதி மணலும் பாதி தும்புத்தூளும் கலந்த கலவையில் நட்டு, நேரடி வெயில் படாத வெளிச்சத்தில் வைத்து, மேல் மண் காய்ந்த பிறகே தண்ணீர் தெளியுங்கள். மூன்று நான்கு கிழமையில் துளிர் வரும். துளிர் வந்ததும் வேர் பிடித்துவிட்டது என்று ஆசையில் இழுத்துப் பார்க்காதீர்கள், தண்டில் இருந்த சத்திலேயே முதல் துளிர் வந்துவிடும். இன்னும் இரண்டு கிழமை பொறுங்கள். பத்துக் குச்சி நட்டால் ஐந்தாறு பிழைக்கும் என்று வைத்துக்கொண்டு கூடவே நடுங்கள்.

மில்க்வீட்டுக்கு ஒரு செடி வாங்கினால் போதும், அதன் பிறகு வாழ்நாளுக்கும் காசு கொடுக்க வேண்டாம். பத்தரமுல்லைப் பக்கம், தியத்த உயனவில் உள்ள செடிக்கடைகளில் விசாரித்துப் பாருங்கள். பெயர் தெரியாவிட்டால் பூவின் படத்தைக் காட்டுங்கள். வாங்குகிற இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பூச்சி மருந்து அடித்தீர்களா? கடைக்காரர் இல்லை என்றாலும் நம்பி உடனே புழுவை விட வேண்டாம், சில மருந்துகள் செடியின் சாற்றுக்குள் போய் பல கிழமை நிற்கும். வாங்கிய செடியைப் பாதிக்கு மேல் வெட்டி, தனியே வைத்து, புதுத் துளிர் வர விடுங்கள். கொஞ்ச நாளில் அந்தத் துளிரில் மஞ்சள் நிறச் சின்னப் பேன் பூச்சி ஒட்டிக்கொண்டு குடும்பம் நடத்தினால் சந்தோஷப்படுங்கள், மருந்து பெரும்பாலும் போய்விட்டது என்பதற்கு அது ஒரு நல்ல அடையாளம்.

வெட்டிய கிளைகளை எறியாதீர்கள், அதுதான் உங்கள் அடுத்த பத்துச் செடி. கணுவுக்குக் கொஞ்சம் கீழே வெட்டி, கீழ் இலைகளை எடுத்துவிட்டு, ஒரு போத்தல் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். ஒன்றிரண்டு கிழமையில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுங்கள், அழுகாமல் இருக்கவும், நுளம்பு முட்டையிடாமல் இருக்கவும்.

விதையும் நல்ல வழிதான். காய் முற்றி, தையல் விடுகிற மாதிரி வெடிக்கத் தொடங்கும்போது பறியுங்கள். ஒரு நாள் பிந்தினால் பஞ்சோடு எல்லாம் பறந்துவிடும். நான் முற்றுகிற காயைச் சுற்றி நூலால் இரண்டு கட்டுக் கட்டிவிடுவேன். செலவு மிச்சம் என்பது ஒரு பக்கம், மில்க்வீட் நம் ஊர்ச் செடி இல்லை, விதை பறந்து போய் கண்ட இடத்திலும் முளைக்க நாம் காரணமாகக் கூடாது என்பது எனக்கு இன்னும் முக்கியம். விதையை ஒரு இரவு ஊறவைத்து, அடியில் ஓட்டை போட்ட யோகட் கோப்பையில் விரல் நகத்தின் பாதி ஆழத்துக்கு மேல் போகாமல் விதையுங்கள். மில்க்வீட் 7 முதல் 10 நாளில் முளைக்கும். நாற்று ஒரு விரல் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள், மனம் வராது, ஆனால் கிள்ளினால்தான் பக்கக் கிளை விட்டு இலை கூடும். புழுவுக்குக் கொடுக்கிற அளவுக்கு வளர இரண்டரை, மூன்று மாதம் ஆகும்.

சாடி, மண்

மில்க்வீட்டுக்கு 5 லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் கழுத்தை வெட்டி எடுத்தால் போதும். எருக்கலைக்கு பெயின்ட் வாளி, அல்லது இரண்டாய் மடித்த உரப்பை. அடியில் ஓட்டை நிறையப் போடுங்கள். மண், மணல், கூட்டெரு சம பங்கு, கூட்டெரு இல்லாவிட்டால் மக்கிய மாட்டெரு கொஞ்சம். வேறு ஆடம்பரம் தேவையில்லை. வெயில் மட்டும் ஐந்து ஆறு மணி நேரம் வேண்டும், வடக்குப் பார்த்த இருட்டுப் பல்கனி என்றால் மொட்டை மாடிக்கு அனுமதி கேளுங்கள். மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை, அப்புறம் ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை, இந்தக் காலங்களில் சாடியைச் செங்கல் மேல் ஏற்றி வைத்தால் வேர் அழுகாது.

சாடிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். கொழும்பில் டெங்கு பரிசோதனைக்கு வருபவர்கள் முதலில் பார்ப்பது பூச்சாடித் தட்டைத்தான், அவர்கள் செய்வதும் சரிதான். கட்டாயம் தட்டு வேண்டும் என்றால் அதில் மணலை நிரப்பி வையுங்கள்.

கணக்கு

இனித்தான் முக்கியமான இடம். என் கையால் பார்த்த கணக்கு இது: ஒரு புழுவுக்கு முழங்கால் உயரத்துக்குக் கிளைத்த மில்க்வீட் செடி ஒன்று, அல்லது எருக்கலையில் பெரிய இலை மூன்று நான்கு. புழு ஐந்து பருவம் வளரும், ஒவ்வொரு பருவத்துக்கும் ஒருமுறை தோல் உரிக்கும். முதல் மூன்று பருவத்தில் அது தின்பது கண்ணுக்கே தெரியாது, இலையில் ஊசித்துளை மாதிரி இருக்கும். மொத்தச் சாப்பாட்டில் பெரும்பங்கைக் கடைசிப் பருவத்தின் நான்கைந்து நாளில் தின்று தீர்க்கிறது. புதிதாக வருபவர்கள் ஏமாறுவது இங்கேதான், நானும் இங்கேதான் ஏமாந்தேன். ஒரு கிழமை முழுக்க இலை குறையவே இல்லையே, நிறைய இருக்கிறது என்று தோன்றும், புதன்கிழமை இருந்த செடி வெள்ளிக்கிழமை இருக்காது.

ஆகவே பத்துச் செடி இருந்தால் ஐந்து முட்டை எடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். சிலது மழையில் போகும், சிலதைப் பேன் பூச்சி பழுதாக்கும், ஒன்று காரணமே இல்லாமல் வாடும்.

இன்னொரு உத்தி, எனக்கு மிகவும் உதவியது. செடிகளை இரண்டு பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்கு திறந்த வெளியில், வண்ணத்துப்பூச்சி வந்து முட்டையிட. மற்றப் பங்கைப் பழைய நுளம்பு வலையால் முழுக்க மூடி, அடியைக் கல் வைத்து அமர்த்துங்கள். வலைக்குள் இருப்பது உங்கள் களஞ்சியம். தாய்ப் பூச்சிக்கு உங்கள் செடிக் கணக்குத் தெரியாது, இளம் இலை கண்ட இடமெல்லாம் ஒவ்வொன்றாக முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். மூடி வைக்காவிட்டால் எல்லாச் செடியிலும் ஒரே நேரத்தில் புழு, ஒரே நேரத்தில் பட்டினி. ஒரு சுற்று முடிந்ததும் பங்கை மாற்றுங்கள், தின்ற செடிகள் வலைக்குள் போய் ஓய்வெடுக்கட்டும்.

அவசரத்துக்கு எருக்கலை இலையைக் கழுவித் துடைத்து, ஈர டிஷூ சுற்றி, மூடிய பெட்டியில் பிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் நிற்கும். பெட்டியின் மேல் நஞ்சு என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள், வீட்டில் யாராவது கீரை என்று எடுத்துவிடக் கூடாது. கொடுக்கும் முன் இலையை வெளியே வைத்துக் குளிர் போக விடுங்கள். அமெரிக்காவில் இலை தீர்ந்துபோனால் கடைசிப் பருவ மொனார்க் புழுவுக்குப் பூசணித் துண்டு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அதை நம்பி அதிக புழு எடுக்காதீர்கள், இலை தின்று வளர்ந்ததன் உறுதி அதில் வராது.

பேன், எறும்பு, புகை

மஞ்சள் உடம்பும் கறுப்புக் காலுமாகத் துளிரை மூடிக்கொண்டு உட்காரும் அந்தப் பேன் பூச்சி எருக்கலை, அலரி, மில்க்வீட் எல்லாவற்றுக்கும் வரும். வேப்பெண்ணெய் உட்பட எதையும் தெளிக்காதீர்கள், பேனைக் கொல்வது புழுவையும் கொல்லும். கையுறை போட்டு விரலால் நசுக்குங்கள், தண்ணீரைப் பீச்சி அடியுங்கள், ஆனால் அதற்கு முன் இலைக்கு அடியில் முட்டை இருக்கிறதா என்று பாருங்கள். எறும்பு பேனின் இனிப்புச் சாற்றுக்காக அதைக் காவல் காக்கும், புழு முட்டையையும் தூக்கிக்கொண்டு போகும். சாடியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கும் பழைய வழக்கம் கொழும்பில் டெங்குவால் சரிவராது. சாடியைச் சுவரிலும் கம்பியிலும் படாமல் தள்ளி வைத்து, அடியைச் சுற்றி வாஸ்லின் தடவிவிடுங்கள்.

டெங்கு கூடுகிற காலத்தில் தெருவில் புகை அடிக்க வருவார்கள். அந்தப் புகை நுளம்புக்கு மட்டும் என்று ஒதுங்கிப் போகாது. எங்கள் ஒழுங்கையில் அறிவித்தால் அன்றைக்குப் புழுப் பெட்டிகளை உள்ளறைக்கு எடுத்துக் கதவை மூடிவிடுவேன், செடிகளுக்கு மேல் பொலித்தீன் போர்த்துவேன். அடுத்த நாள் காலையில் இலைகளை இரண்டு பக்கமும் நன்றாகக் கழுவி, இரண்டு மூன்று நாள் வலைக்குள் இருந்த இலையையே கொடுப்பேன். புகை வேண்டாம் என்று சண்டை பிடிக்காதீர்கள், டெங்கு விளையாட்டு இல்லை.

முட்டையில் இருந்து

செடி தயார் என்றால் புழுவைத் தேடிப் போக வேண்டியதில்லை, தானாக வரும். பூங்காவிலோ ஈரநிலத்திலோ போய் எடுக்காதீர்கள். காலை வெயில் ஏறியதும் செம்மஞ்சள் பூச்சி ஒன்று உங்கள் சாடியைச் சுற்றித் தாழப் பறந்து, இலையில் ஒரு நொடி வயிற்றை வளைத்துத் தொட்டுவிட்டுப் போனால், அந்த இலையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். குண்டூசித் தலையைவிடச் சின்னதாக, பால் வெள்ளையில், கூர்ப்பாக நிமிர்ந்து ஒரு முட்டை ஒட்டியிருக்கும்.

பெரிய புழுவாக எடுப்பதைவிட முட்டையாக எடுப்பது நல்லது, ஏனென்றால் வெளியே திரியும் புழுவின் மேல் ஒட்டுண்ணி ஈ ஏற்கனவே முட்டை வைத்திருக்கலாம். அப்படியானால் புழு வளர்ந்து, கூட்டுப்புழுவான பிறகுகூட, அதில் இருந்து வெள்ளை நூலில் தொங்கிக்கொண்டு ஈயின் புழு இறங்கும். முதல்முறை பார்ப்பவர்களுக்கு மிகவும் மனம் உடையும்.

முட்டை இருக்கிற இலையோடு கிள்ளி, டிஷூ விரித்த பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டியில் வையுங்கள், மூடியில் ஊசித்துளை போடுங்கள். மூன்று நான்கு நாளில் முட்டையின் நுனி கறுக்கும், அடுத்த நாள் பொரிக்கும். வந்ததும் தன் முட்டை ஓட்டைத்தான் முதலில் தின்னும். பக்கத்தில் பொரிக்காத முட்டை இருந்தால் அதையும் தின்றுவிடும், அதனால் முட்டையையும் புழுவையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். இளம் புழுவை விரலால் தொடாமல், இலையோடு சேர்த்து மாற்றுங்கள்.

ஒருநாள் இரவு பூதக்கண்ணாடி வைத்து அரை மணி நேரம் ஒரு புழுவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரிசி அளவுதான் இருக்கும். இலையில் நேராக வாயை வைக்கவில்லை. முதலில் ஒரு வட்டம் போட்டு இலையைச் சுரண்டியது, சுரண்டிய கோட்டில் பால் முத்து முத்தாக நின்றது, தலையை உயர்த்தி அதைத் தாண்டி, அடுத்த இடம். வட்டம் முடிந்து பால் வடிந்த பிறகுதான் அந்த வட்டத்துக்குள் இருந்த இலையைத் தின்னத் தொடங்கியது. பெரிய புழு இன்னும் ஒரு படி மேலே போய் நடு நரம்பையே கடித்து இலையைத் தொங்க விட்டுவிடும். யாரும் சொல்லிக் கொடுக்காத வேலை.

ஒவ்வொரு நாளும் காலையில் டிஷூவை மாற்றி எச்சத்தைக் கொட்டுங்கள், தவறவிடாதீர்கள், கொழும்பு வெக்கையில் ஒரு நாள் விட்டாலே பூஞ்சணம் பிடிக்கும், நோய் வரும். மூடியில் நீர் கோத்திருந்தால் துடையுங்கள். இலையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துக் கொடுங்கள். ஒரு பெட்டியில் பெரிய புழு மூன்றுக்கு மேல் வேண்டாம். கிளையாகப் போத்தல் தண்ணீரில் வைத்தால் வாயைப் பஞ்சால் அடையுங்கள், புழு தண்டு வழியே இறங்கி மூழ்கிவிடும். ஒரு நாள் முழுக்கத் தின்னாமல் அசையாமல் நின்றால் பயப்படாதீர்கள், தோல் உரிக்கப் போகிறது, அந்த நேரம் அதைப் பிடித்து இடம் மாற்றாதீர்கள்.

கூடு, பிறகு

பொரித்து இரண்டு கிழமை அளவில் புழு தின்பதை நிறுத்தி, பெட்டி முழுக்க அலைந்து, மூடியில் பட்டு நூலால் பொத்தான் மாதிரி ஒரு முடிச்சு வைத்து, தலைகீழாகக் கொக்கி மாதிரித் தொங்கும். ஒரு நாள் பொறுங்கள், தோல் கிழிந்து உள்ளிருந்து பச்சையோ இளஞ்சிவப்போ கூட்டுப்புழு வரும், பொன் புள்ளிகளோடு. மூடியைத் திருப்பாதீர்கள், ஆட்டாதீர்கள். பெட்டி குட்டை என்றால் மூடியோடு எடுத்து உயரமான வாளிக்கு மேல் வையுங்கள், ஏனென்றால் வெளிவரும் பூச்சிக்குச் சிறகைத் தொங்கப்போட்டு விரிக்க ஒரு சாண் உயரமாவது வேண்டும். இடமில்லாமல் சிறகு மடிந்துபோனால் பிறகு நிமிராது.

எட்டுப் பத்து நாளில் கூடு கறுத்து, உள்ளே செம்மஞ்சள் தெரியத் தொடங்கினால் அடுத்த காலை வெளிவரும். சிவப்பாக ஒரு துளி விழும், இரத்தமில்லை, கழிவு. சிறகு காய இரண்டு மூன்று மணி நேரம் கொடுங்கள். பின் சிறகில் கறுப்புப் புள்ளியை எண்ணிப் பாருங்கள், மூன்று என்றால் பெண், நான்கு என்றால் ஆண், நான்காவது புள்ளி மணம் சேர்க்கும் பை. மழை இல்லாத நாளில் மதியத்துக்கு முன் பல்கனிக் கம்பியில் விட்டுவிடுங்கள். ஆண்பூச்சிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை இருந்தால் ஒரு சாடியில் கிலுகிலுப்பையோ தேள்கொடுக்கோ வளருங்கள், தன் மணத்துக்கு வேண்டியதை அது அந்தச் செடியில் இருந்துதான் உறிஞ்சி எடுக்கிறது.

எல்லாம் பறந்த பிறகு பல்கனியில் குச்சிதான் நிற்கும். அதைப் பிடுங்கி எறியாதீர்கள். மில்க்வீட்டை ஒரு சாணுக்கு, எருக்கலையை இடுப்பளவுக்கு வெட்டி, ஒரு கைப்பிடி கூட்டெரு போட்டு, வலைக்குள் தள்ளுங்கள். வெட்டிய கிளையில் நல்லதாக இருப்பவற்றைத் தண்ணீரில் நிறுத்துங்கள். இரண்டு மூன்று கிழமையில் கணுக் கணுவாகத் துளிர் வரும், அதற்குள் அடுத்த பூச்சி சாடியைச் சுற்றத் தொடங்கியிருக்கும்.